ஒரு காது மட்டும் மந்தமானால்: சமநிலை நரம்பில் வளரும் புற்றல்லாத கட்டியின் அறிகுறிகள்

வயது ஏற ஏறக் கேட்கும் திறன் குறைவது இயல்பு. அந்தக் குறைவு பெரும்பாலும் இரண்டு காதுகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கிறது. பல ஆண்டுகள் இயந்திர இரைச்சலுக்கு நடுவே வேலை செய்தவர்களுக்கு ஏற்படும் செவித்திறன் இழப்பும் பொதுவாக இரு பக்கமும் சேர்ந்தே வரும். ஆகவே அழுக்கடைப்பு, சீழ், அடிபட்ட காயம் என்று வெளிப்படையான காரணம் எதுவும் இல்லாமல் ஒரு காது மட்டும் மெல்ல மெல்ல மந்தமாகிக்கொண்டு வந்தால், 'ஏன் ஒரு காதில் மட்டும்?' என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அதற்குரிய பல விடைகளில் ஒன்று, உள்காதிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பில் வளரும், புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி. மருத்துவர்கள் இதை வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்கிறார்கள். அக்கூஸ்டிக் நியூரோமா என்ற பழைய பெயரும் இன்னும் பரவலாக வழங்குகிறது.

இது அரிதான நோய். ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு சிலருக்கு மட்டுமே இது புதிதாகக் கண்டறியப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். எனவே ஒரு காதில் தொல்லை உள்ளவர்களில் மிகப் பலருக்கு இந்தக் கட்டி இருக்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். அப்படியிருந்தும் இதை விரிவாக விளக்கவேண்டிய தேவை இருக்கிறது. இந்தக் கட்டி வலிப்பதில்லை, காய்ச்சல் தருவதில்லை, வெளியில் தெரிவதில்லை. அறிகுறிகள் மிக மெதுவாக வருவதால் மனிதர்கள் தம்மை அறியாமலேயே அவற்றுக்குப் பழகிவிடுகிறார்கள். சிறிதாக இருக்கும்போதே கண்டறிந்தால் சிகிச்சையில் தெரிவுகள் பல இருக்கும். மிகவும் வளர்ந்த பின் தெரியவந்தால் அந்தத் தெரிவுகள் குறைந்துவிடும்.

கட்டி வளரும் இடம்

அறிகுறிகளைப் புரிந்துகொள்ள, அது வளரும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 இணை நரம்புகளில் எட்டாவது நரம்பு காதுக்குரியது. அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒரு பகுதி, காக்ளியா என்னும் நத்தை வடிவ உறுப்பிலிருந்து ஒலிச் செய்திகளை எடுத்துச் செல்கிறது. மற்றொரு பகுதி, அரைவட்டக் குழல்கள் முதலான சமநிலை உறுப்புகளிலிருந்து, தலை எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் அசைகிறது என்ற செய்தியைக் கொண்டு செல்கிறது. மின்கம்பியைச் சுற்றி ரப்பர் உறை இருப்பதைப்போல, நரம்பிழைகளைச் சுற்றி ஷ்வான் செல்கள் ஓர் உறையை அமைக்கின்றன. இந்தச் செல்கள் கட்டுப்பாட்டை மீறிப் பெருகும்போது உருவாவதுதான் ஷ்வானோமா. பெரும்பாலும் சமநிலைக்குரிய பகுதியில்தான் அது தொடங்குகிறது.

இந்த நரம்பு, காதின் உட்பக்க எலும்பில் சுமார் 1 சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு குறுகிய கால்வாய் வழியாகச் செல்கிறது. முகத் தசைகளை அசைக்கும் ஏழாவது நரம்பும் அதே கால்வாயில்தான் செல்கிறது. எலும்பால் சூழப்பட்ட இடம் என்பதால், அங்கே சில மில்லிமீட்டர் அளவுக்கு ஏதேனும் வளர்ந்தாலும் பக்கத்தில் உள்ள நரம்பிழைகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் நெருக்கப்படுகின்றன. கட்டி மேலும் வளர்ந்தால் கால்வாயை விட்டு வெளியே வந்து, சிறுமூளைக்கும் மூளைத்தண்டுக்கும் இடையே உள்ள கோணப் பகுதியை நிரப்பத் தொடங்கும். அந்தக் கோணப் பகுதியில் காணப்படும் கட்டிகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை இந்த வகையைச் சேர்ந்தவையே.

புற்றுநோய் அல்லாதது என்பதற்குப் பொருள், இது உடலின் மற்ற பகுதிகளுக்குப் பரவாது, பக்கத்துத் திசுக்களை அரித்து ஊடுருவாது என்பதே. வளரும் வேகமும் மிகக் குறைவு: வளரும் கட்டிகள் சராசரியாக ஆண்டுக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை பெரிதாகின்றன, பல கட்டிகள் ஆண்டுக்கணக்கில் அளவு மாறாமலேயே இருந்துவிடுகின்றன. ஆனாலும் மண்டையோட்டுக்குள் காலியிடம் கிடையாது. எந்த வகைக் கட்டியாக இருந்தாலும் அது பிடித்துக்கொள்ளும் இடம் வேறொன்றினுடையது. ஆகவே புற்றுநோய் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி அடையலாமே தவிர, அதை அப்படியே மறந்துவிடக் கூடாது.

முதலில் குறைவது கேட்கும் திறன்

இந்தக் கட்டி உள்ளவர்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கும் மேலானவர்களுக்குக் கட்டி உள்ள பக்கத்துக் காதில் செவித்திறன் ஓரளவேனும் குறைந்திருக்கும். பெரும்பாலும் கீச்சென்ற உயர் ஒலிகள்தாம் முதலில் மங்குகின்றன. குரல் காதில் விழுகிறது, சத்தமும் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் சொற்கள் பிடிபடுவதில்லை. 'கேட்கிறது, புரியவில்லை' என்று பலர் சொல்வது இதைத்தான். ஒலியை வாங்கும் காக்ளியா ஓரளவு சரியாக இருந்தும், அங்கிருந்து மூளைக்குச் செல்லும் வழியில் செய்தி சிதைந்துவிடுவதால் இப்படி நேர்கிறது. ஒலியின் அளவைக் கூட்டினால் பேச்சு தெளிவாவதற்குப் பதிலாக இன்னும் குழம்புவதும் சிலருக்கு உண்டு.

அன்றாட வாழ்வில் இது எப்படி வெளிப்படும் என்று பார்ப்பது பயனுள்ளது. தொலைபேசியை எப்போதும் இடது காதில் வைத்துப் பேசிப் பழகிய ஒருவர், சில மாதங்களாக வலது காதுக்கு மாற்றிக்கொண்டிருப்பார். ஏன் மாற்றினோம் என்று அவர் யோசித்திருக்கக்கூட மாட்டார். ஒரு நாள் தற்செயலாகப் பழைய காதில் வைக்கும்போது எதிர்முனைக் குரல் தேய்ந்து, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கேட்கும். நண்பர்களோடு உட்காரும்போது எல்லோரும் தம் ஒரு பக்கத்தில் இருக்கும்படி இடம் பார்த்து உட்காருவார். வீட்டுக்குள் கைப்பேசி ஒலிக்கும். ஆனால் எந்த அறையில் ஒலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. ஒலி வரும் திசையை மூளை அறிவது, இரு காதுகளிலும் அது வந்து சேரும் நேரத்துக்கும் அளவுக்கும் இடையே உள்ள மிகச் சிறிய வேறுபாட்டை ஒப்பிட்டுத்தான் என்பதால், ஒரு காது மங்கியதும் திசையறிவு தடுமாறுகிறது. இத்தகைய பழக்க மாற்றங்களை நோயாளியைவிட உடனிருப்பவர்களே முன்னதாகக் கவனிக்கக்கூடும்.

இதை வீட்டிலேயே ஓரளவு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அமைதியான அறையில், முதலில் ஒரு காதுக்கும் பிறகு மற்றொரு காதுக்கும் சற்று அருகே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மெதுவாக உரசினால், அந்த மெல்லிய சரசரப்பு இரண்டிலும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று நீட்டி முனகினால், அந்த ஒலி நடுவில் கேட்பதே இயல்பு. அழுக்கு அடைத்திருந்தாலோ நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலோ ஒலி அடைப்புள்ள காதுப் பக்கம் ஒதுங்கும். உள்காதிலோ நரம்பிலோ குறை இருந்தால் நல்ல காதுப் பக்கம் ஒதுங்கும். மருத்துவர் அதிரும் இசைக்கவையை நெற்றியின் நடுவில் ஊன்றி, 'எந்தப் பக்கம் கேட்கிறது?' என்று கேட்பது இதையே இன்னும் துல்லியமாக அறிவதற்காக. வீட்டில் செய்யும் சோதனைகள் சந்தேகத்தை எழுப்ப உதவும். சந்தேகத்தைத் தீர்க்க அவை போதா.

எல்லோருக்கும் செவித்திறன் மெதுவாகத்தான் குறையும் என்பதில்லை. இந்தக் கட்டி உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, ஒரு நாளில் அல்லது ஓரிரு நாள்களில் ஒரு காது திடீரென அடைபட்டுப் போகும். காலையில் எழும்போதே காது கேட்கவில்லை என்று உணர்பவர்களும் உண்டு. திடீர்ச் செவித்திறன் இழப்பு எந்தக் காரணத்தால் வந்தாலும் அது அவசர நிலைதான். 'சளி பிடித்திருக்கிறது, தானே சரியாகிவிடும்' என்று வாரக்கணக்கில் காத்திருப்பது தவறு. ஸ்டீராய்டு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குத் திறன் மீள வாய்ப்பு அதிகம். இரண்டு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்தால் காது மீண்டும் கேட்கத் தொடங்கிவிட்டது என்பதற்காகக் கட்டி இல்லை என்று முடிவு செய்ய முடியாது. கட்டி இருந்தும் செவித்திறன் ஒருமுறை மீண்டு வருவது உண்டு. அதனால்தான் திடீரென ஒரு காது கேளாமற்போனவர்களுக்கு, குணமான பின்னும் மருத்துவர்கள் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஒரு காதில் இரைச்சல்

பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் கட்டி உள்ள பக்கம் இரைச்சல் கேட்கிறது. வெளியில் எந்த ஒலியும் இல்லாதபோது ரீங்காரமாகவோ, விசிலாகவோ, நீராவி சீறும் ஓசையாகவோ, சில்வண்டுச் சத்தமாகவோ அது கேட்கலாம். இரவில் படுக்கும்போது சூழ்நிலை அமைதியாக இருப்பதால் அது கூடுதலாகத் தெரியும். காது இரைச்சல் மிகப் பொதுவான தொல்லை. அதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. இரு காதுகளிலும் கேட்கும் இரைச்சலுக்காக இந்தக் கட்டியை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. ஒரே காதில், நாள் தவறாமல், மாதக்கணக்கில் நீடிக்கும் இரைச்சலே கவனத்துக்குரியது. செவித்திறன் இன்னும் நன்றாக இருக்கும்போதே இரைச்சல் மட்டும் முதல் அறிகுறியாக வருவதும் உண்டு. அதோடு காது நிறைந்திருப்பது போன்ற உணர்வும் சிலருக்கு இருக்கும். காதில் சொட்டு மருந்து விட்டும், கொட்டாவி விட்டும் அது நீங்காது.

சமநிலையில் நேரும் மெல்லிய மாற்றம்

சமநிலை நரம்பில்தான் கட்டி வளர்கிறது என்றால், கடுமையான தலைச்சுற்றல் அல்லவா முதலில் வரவேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். உண்மை அப்படி இல்லை. அறை முழுவதும் சுழல்வது போன்ற தலைச்சுற்றல் இந்தக் கட்டியில் அவ்வளவாக வருவதில்லை. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால் மற்றப் பலவும் தெளிவாகிவிடும்.

இரு பக்கச் சமநிலை உறுப்புகளும் ஓய்வில் இருக்கும்போதும் மூளைக்கு இடைவிடாமல் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தலை திரும்பும்போது ஒரு பக்கச் செய்தி கூடி, மறுபக்கச் செய்தி குறைகிறது. அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை அசைவை அறிகிறது. வைரஸ் தொற்று போன்ற காரணத்தால் ஒரு பக்க நரம்பு ஒரே நாளில் செயலிழந்தால், பெரிய வேறுபாடு திடீரென உண்டாகிறது. தலை அசையாதபோதும் சுழல்வதாக மூளை எண்ணிக்கொள்கிறது, வாந்தியும் வருகிறது. கட்டியோ பல ஆண்டுகளாக அந்த நரம்பைச் சிறிது சிறிதாகத்தான் செயலிழக்கச் செய்கிறது. ஒவ்வொரு சிறு இழப்பையும் மூளை அவ்வப்போது ஈடுகட்டி, கண்கள் காண்பதையும் பாதங்களும் மூட்டுகளும் உணர்வதையும் கூடுதலாக நம்பத் தொடங்குகிறது. ஒரு பக்கச் சமநிலை நரம்பு ஏறக்குறைய முழுவதும் செயலிழந்த பின்னும் இயல்பாக நடமாடும் நோயாளிகள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஈடுகட்டலுக்கு ஓர் எல்லை உண்டு. கண்ணின் உதவியோ காலின் உதவியோ இல்லாமற்போகும் தருணங்களில் குறை வெளிப்பட்டுவிடும். மின்சாரம் நின்ற இருட்டில் நடக்கும்போது உடல் ஒரு பக்கமாக ஒதுங்கும். முகத்தைக் கழுவக் கண்களை மூடிக் குனிந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்ளத் தோன்றும். மணலிலும் மேடுபள்ளமான தரையிலும் கால் ஊன்றத் தடுமாறும். நடந்துகொண்டே யாரோ கூப்பிட்டதும் சட்டெனத் தலையைத் திருப்பினால், பார்வை ஒரு கணம் பின்தங்கி வந்து சேரும். இவற்றை 'தலைச்சுற்றல்' என்று யாரும் சொல்வதில்லை. 'கொஞ்சம் தள்ளாட்டமாக இருக்கிறது', 'வயதாகிவிட்டது', 'இரத்த அழுத்தமாக இருக்கும்' என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளி சொல்லமாட்டார் என்ற நிலை, என் பார்வையில், இந்த நோயில் நேரும் தாமதத்துக்குப் பெரிய காரணங்களில் ஒன்று. ஒரு காது மந்தத்தோடு இத்தகைய தள்ளாட்டமும் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காதுக்கு ஒருவரிடமும் தள்ளாட்டத்துக்கு வேறொருவரிடமும் சென்றால், இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது யாருக்கும் புலப்படாமல் போகலாம்.

முகத்தில் தெரிபவை

முகத்தில் தெரியும் அறிகுறிகள் பொதுவாகப் பின்னால் வருபவை. கட்டி கால்வாயை விட்டு வெளியேறிப் பெரிதாகும்போது, முகத்தின் தொடுவுணர்ச்சிக்குரிய ஐந்தாவது நரம்பை நெருக்குகிறது. கன்னத்திலோ உதட்டோரத்திலோ மரத்துப்போன உணர்வு, எறும்பு ஊர்வது போன்ற கூச்சம் ஆகியவை அப்போது தோன்றலாம். மருத்துவர் மெல்லிய பஞ்சு நுனியால் கருவிழியைத் தொட்டு, கண் சிமிட்டும் வேகம் இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. நோயாளி மரப்பை உணர்வதற்கு முன்பே அந்தச் சிமிட்டல் தாமதமாகியிருக்கும்.

முகத் தசைகளை அசைக்கும் ஏழாவது நரம்பு கட்டியோடு ஒட்டியே இருந்தும், முகவாதம் போன்ற பலவீனம் அரிதாகவே காணப்படுகிறது. அந்த நரம்பின் இயக்க இழைகள் மெதுவாகக் கூடும் அழுத்தத்தையும் இழுப்பையும் வெகுவாகத் தாங்கிக்கொள்கின்றன. கட்டி சிறிதாக இருக்கும்போதே முகம் ஒரு பக்கம் கோணினால், அது வேறு வகைக் கட்டியாக இருக்கலாமோ என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். இமை துடிப்பதும் கண் வறள்வதும் மட்டும் வந்தால் அவற்றுக்குப் பெரும்பாலும் வேறு எளிய காரணங்கள்தாம் இருக்கும்.

கட்டி மிகவும் பெரிதாகும்போது

1917-ஆம் ஆண்டில் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், இந்தக் கட்டி உள்ள நோயாளிகளின் வரலாற்றை ஆராய்ந்து, அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையைப் பதிவு செய்தார். ஸ்கேன் கருவிகள் இல்லாத அந்தக் காலத்தில் நோயாளிகள் தலைவலியும் வாந்தியும் பார்வை மங்கலும் வந்த பிறகே கண்டறியப்பட்டார்கள். ஆனால் நோயின் தொடக்கத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றால், அது காதில்தான் போய் நின்றது. செவித்திறன் குறைந்தும் இரைச்சல் கேட்டும் பல காலம் ஆன பின்புதான் மற்றவை வந்திருந்தன. அந்த வரிசை இன்றும் மாறவில்லை. அதன் தொடக்கத்திலேயே நின்று கண்டறிய இன்று வசதி இருக்கிறது என்பதே மாற்றம்.

பெரிய கட்டி சிறுமூளையை அழுத்தினால் கால்களை அகட்டி வைத்து நடக்க நேரும். கட்டி உள்ள பக்கத்துக் கையால் பொத்தான் போடுவதும் எழுதுவதும் தடுமாறும். கீழே உள்ள நரம்புகள் பாதிக்கப்பட்டால் விழுங்கும்போது புரையேறும், குரல் கரகரக்கும். மூளைநீர் ஓடும் வழி அடைபட்டால் மண்டைக்குள் அழுத்தம் கூடி, காலையில் எழும்போது கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், மயக்கநிலை ஆகியவை வரும். இவற்றில் எது தோன்றினாலும் முன்பதிவுக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கட்டியின் அளவுக்கும் அறிகுறிகளின் கடுமைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். சில மில்லிமீட்டர் கட்டியால் ஒரு காது முழுவதும் கேளாமற்போனவர்கள் இருக்கிறார்கள். 3 சென்டிமீட்டர் கட்டியோடு தொலைபேசியில் தடையின்றிப் பேசுபவர்களும் இருக்கிறார்கள். அழுத்தம் மட்டுமல்லாமல், காக்ளியாவுக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைவதும் உள்காது நீரின் தன்மை மாறுவதும் செவித்திறனைப் பாதிக்கக்கூடும். ஆகவே 'தொல்லை கொஞ்சம்தான், எனவே கட்டி இருந்தாலும் சிறியதாகத்தான் இருக்கும்' என்று கணக்குப்போட முடியாது.

ஒத்த தோற்றமுள்ள மற்ற நோய்கள்

ஒரு காதில் தொல்லை தருபவற்றில் மிகவும் எளியது அழுக்கடைப்பு. மருத்துவர் காதுக்குள் பார்த்த கணத்தில் அது தெரிந்துவிடும். மெனியர் நோயில் செவித்திறன் குறைவும் இரைச்சலும் ஒரு காதில் வருவதால், இந்தக் கட்டியோடு அதைக் குழப்பிக்கொள்ள அதிக வாய்ப்பு உண்டு. ஆனால் மெனியர் நோயின் தலைச்சுற்றல் தெளிவாக வந்து போகும். ஒவ்வொரு முறையும் 20 நிமிடங்கள் முதல் பல மணி நேரம் வரை நீடித்து, பிறகு ஓய்ந்துவிடும். தொடக்க ஆண்டுகளில் கேட்கும் திறனும் ஏறி இறங்கும். படுக்கையில் புரளும்போதும் தலையை அண்ணாந்து பார்க்கும்போதும் சில விநாடிகள் மட்டும் அறை சுழன்று நின்றுவிட்டால், அது பெரும்பாலும் உள்காதின் நுண்கற்கள் இடம் பெயர்வதால் வருவது. அதில் செவித்திறன் குறைவதில்லை. சமநிலை நரம்பின் அழற்சியில் சுழற்சி நாள்கணக்கில் கடுமையாக இருக்கும். கேட்கும் திறன் பெரும்பாலும் பழுதுபடாது. இந்த வேறுபாடுகள் பயனுள்ளவை என்றாலும், சில வேளைகளில் கட்டியும் மெனியர் நோயின் வடிவத்திலேயே வரக்கூடும். அதனால் ஒரு காதில் செவித்திறன் இழப்பு உறுதியாகத் தெரிந்த பிறகு, கேள்வி பதிலை மட்டும் நம்பிக் கட்டி இல்லை என்று யாரும் முடிவு கட்டுவதில்லை.

கண்டறியும் வழி

தொடக்கம், செவித்திறன் பரிசோதனை. ஒலி புகாத அறையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, மிக மெல்லிய ஒலி கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு காதுகளும் தனித்தனியாக, 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளுக்குச் சோதிக்கப்படுகின்றன. வரைபடத்தில் இரு காதுகளின் கோடுகளும் அருகருகே ஓட வேண்டும். அடுத்தடுத்த ஒலி அலைவெண்களில் 15 டெசிபெல் அளவுக்கு ஒரு காது பின்தங்கியிருந்தால், அதற்கு வேறு விளக்கம் இல்லாத நிலையில், ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது பொதுவான நடைமுறை. சொற்களைக் கேட்டுத் திரும்பச் சொல்லும் சோதனையையும் உடன் செய்வது நல்லது. ஒலி கேட்கும் அளவுக்குப் பொருந்தாதபடி சொல் புரிதல் மிகவும் தாழ்ந்திருந்தால், குறை நரம்பில் இருக்கலாம் என்ற ஐயம் வலுப்படும்.

பெரா என்று அழைக்கப்படும் பரிசோதனையில், தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் கேட்கும் ஒலி மூளைத்தண்டு வரை சென்று சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்கிறார்கள். நரம்பு நெருக்கப்பட்டிருந்தால் அந்தச் செய்தி தாமதமாகும். பெரிய கட்டிகளை இது நன்றாகவே காட்டிக்கொடுக்கும். ஆனால் 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளைத் தவறவிடலாம். உறுதி செய்ய வேண்டுமானால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் வேண்டும். உட்செவிக் கால்வாயை மெல்லிய அடுக்குகளாகப் படம் எடுக்கும்போது, சில மில்லிமீட்டர் அளவே உள்ள கட்டியும் தெரிந்துவிடும். காடோலினியம் என்ற மருந்தை இரத்தக் குழாயில் செலுத்திப் படம் எடுத்தால் கட்டி வெண்மையாகத் துலங்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், உடலுக்குள் பேஸ்மேக்கர் முதலான கருவி பொருத்தியவர்களும் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சி.டி. ஸ்கேன் சிறிய கட்டிகளைக் காட்டாமல் விட்டுவிடக்கூடும் என்பதால், 'தலைக்கு சி.டி. எடுத்தேன், ஒன்றும் இல்லை' என்பது இந்தச் சந்தேகத்துக்குப் போதிய விடை ஆகாது.

மருத்துவரிடம் போவதற்கு முன் சில விவரங்களைக் குறித்து வைத்துக்கொண்டால் மிகவும் உதவும். எந்தக் காது, எப்போதிலிருந்து, மெதுவாகவா திடீரெனவா, இரைச்சல் எந்தப் பக்கம், தள்ளாட்டம் எந்தச் சூழலில் வருகிறது என்பவற்றோடு, முன்பு எப்போதாவது செவித்திறன் பரிசோதனை செய்திருந்தால் அந்த அறிக்கையையும் எடுத்துச் செல்ல வேண்டும். பழைய வரைபடத்தையும் புதியதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது கிடைக்கும் தெளிவு, நினைவிலிருந்து சொல்வதில் கிடைக்காது.

குடும்பத்தில் தொடரும் வகை

இந்தக் கட்டி வரும் பெரும்பாலோருக்கு அது பரம்பரையாக வந்ததில்லை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்காது. இருபது பேரில் ஒருவருக்கு மட்டும், 22-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பிழையால் வரும் நோயின் பகுதியாக இது தோன்றுகிறது. அந்த மரபணு மெர்லின் என்ற புரதத்தை உருவாக்கி, ஷ்வான் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் தடுக்க வேண்டியது. நியூரோஃபைப்ரோமடோசிஸ் 2 என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட அந்த நோயில் இரண்டு பக்கமும் கட்டிகள் வளர்கின்றன. இளம் வயதிலேயே தொல்லை தொடங்குகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆனால் நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது குடும்பத்தில் முதன்முதலாகத் தோன்றுவதே. முப்பது வயதுக்குள் ஒருவருக்கு இந்தக் கட்டி கண்டறியப்பட்டால், மரபணு ஆலோசனையையும் கேட்டுப் பெறுவது அவசியம்.

கண்டறிந்த பின்

'மூளைக்குப் பக்கத்தில் கட்டி' என்ற சொற்களைக் கேட்டதும் உடனே அறுவை சிகிச்சைதான் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தாலேயே ஸ்கேன் எடுக்கத் தயங்குபவர்களும் உண்டு. உண்மையில், சிறிய கட்டிக்குப் பல வேளைகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவது கண்காணிப்பு மட்டுமே: ஏறத்தாழ ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, அளவு மாறாமல் இருந்தால் இன்னும் நீண்ட இடைவெளியில். கட்டி வளர்வது தெரிந்தால், அதன்மேல் மட்டும் கதிர்களைக் குவித்து வளர்ச்சியை நிறுத்தும் கதிர்வீச்சு சிகிச்சை உண்டு. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் லார்ஸ் லெக்செல் உருவாக்கிய காமா நைஃப் அத்தகையது. பெரிய கட்டிகளுக்கும், மூளைத்தண்டை அழுத்துபவற்றுக்கும் நுண்ணோக்கியின் கீழ் செய்யப்படும் அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கட்டியின் அளவு, வயது, எஞ்சியுள்ள செவித்திறன், மற்றொரு காதின் நிலை ஆகியவற்றைப் பொறுத்தது. முகநரம்புக்கு வரக்கூடிய பாதிப்பைப் பற்றியும் கேட்கும் திறன் எஞ்சுமா என்பதைப் பற்றியும் முன்கூட்டியே வெளிப்படையாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு முழு உரிமை உண்டு. போய்விட்ட செவித்திறன் எந்தச் சிகிச்சையாலும் பொதுவாகத் திரும்புவதில்லை. ஆனால் கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்குக் கொண்டு சேர்க்கும் கருவிகள் உண்டு. தள்ளாட்டத்துக்குச் சமநிலைப் பயிற்சிகள் நன்கு பயன்படுகின்றன.

கண்காணிப்பில் இருப்பவர்கள் கட்டியை மட்டுமல்லாமல், நன்றாகக் கேட்கும் மற்றொரு காதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதிக சத்தத்திலிருந்து அதைக் காப்பதும், அதில் தொற்று வந்தால் உடனே கவனிப்பதும் முன்பைவிட முக்கியமாகின்றன. கண்காணிப்புக் காலத்தில் செவித்திறன் மேலும் சட்டெனக் குறைந்தாலோ, முகம் மரத்தாலோ, நடையில் தடுமாற்றம் கூடினாலோ, அடுத்த ஸ்கேனுக்குக் குறித்த தேதி வரும்வரை காத்திராமல் மருத்துவரை அழைத்துத் தெரிவிக்க வேண்டும்.